நல்லிணக்கத்தின் விலையை ஒரு குடும்பம் மட்டும் கொடுப்பதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரு வட்டாரத்திலும் ஒரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வோர் இனத்தாருக்கும் இத்தனை வீடுதான் என்று வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு வேண்டுமா, வேண்டாமா என்ற பேச்சு நாடாளுமன்றத்திலும் வெளியிலும் அவ்வப்போது எழுகிறது. அதை எடுத்துவிட்டால் நாடு பழையபடி இனவாரியாகப் பிரிந்துவிடும் என்கிறது ஒரு தரப்பு. சிறுபான்மையினருக்குத்தான் இதனால் நட்டம், எடுத்தே ஆக வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. கொள்கை இருக்கட்டும், அதனால் வரும் நட்டத்தை அரசாங்கம் ஏற்கட்டும் என்பது என் கருத்து. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல இடம் கொடுங்கள்.

நான் ஈசூன்வாசி. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் மனு எழுதிக் கொடுக்கும் தொண்டூழியராகச் சில ஆண்டுகளாக இருக்கிறேன். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். தளத்தைச் சுற்றியிருந்த தமிழ், மலையாளக் குடும்பங்கள் பலவும் பிறகு ஈசூனுக்குத்தான் வந்தன. கேன்பரா ரோட்டில் இருந்த புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமும் 1990களில் இங்கேயே வந்துவிட்டது. பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு, தமிழ்க் குடும்பங்கள் ஏன் ஈசூனில் வீடு தேடுகின்றன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் எல்லாரும் அவரவர் இனத்தோடு கூடி வாழ்ந்தால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஊரின் தொடக்கமே அப்படித்தான் இருந்தது. ராஃபிள்ஸ் காலத்தில் போட்ட நகரத் திட்டத்தில் சீனருக்கு ஒரு கம்போங் (கிராமக் குடியிருப்பு), சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்களுக்கு ஒரு கம்போங், அரபுக்காரர்களுக்கும் பூகிஸ்காரர்களுக்கும் வேறு வேறு இடம் என்று கோடு கிழித்துப் பிரித்தார்கள். 1964 சீன-மலாய் இனக் கலவரத்தில் அந்தக் கோடுகள் எங்கே கொண்டுபோய்விட்டன என்பதை என் பெற்றோர் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1960இல் தொடங்கிய வீவக, கம்போங்குகளிலிருந்து வந்தவர்களை ஒரே புளோக்கில் கலந்து குடியேற்றியது. 1971இல் மறுவிற்பனைக்கு அனுமதி வந்தது. ஆளாளுக்குப் பிடித்த இடத்தில் வாங்கத் தொடங்கியதும், 1980களில் சில பேட்டைகள் மறுபடியும் ஓரினப் பேட்டைகளாக மாற ஆரம்பித்தன. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தவர் திரு எஸ். தனபாலன். 1989 மார்ச் 1ஆம் தேதி இந்தக் கொள்கை நடைமுறைக்கு வந்தது.

என் பிள்ளைகளின் தோழர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்க்கிறேன். எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துப் பையன், மேல்மாடிச் சீனப் பெண், லிஃப்டுக்குப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பிள்ளைகள். இதைப் பள்ளிக்கூடம் மட்டும் செய்திருக்க முடியாது. பேட்டையும் சேர்ந்து செய்தது. அதனால்தான் கொள்கை இருக்கட்டும் என்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு வட்டாரத்தில் சீனர் 84 விழுக்காடு, ஒரு புளோக்கில் 87 விழுக்காடு என்பது வரம்பு. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து முதலில் 10, 13 என்று இருந்தது. 2010இல் அது 12, 15 ஆக உயர்ந்தது. நூறு வீடுகள் உள்ள ஒரு புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 87 வீடுகள் சீனர்களுடையவை என்றால் வரம்பு நிரம்பிவிட்டது. அந்த 87 வீட்டுக்காரர்களில் ஒருவர் விற்க நினைத்தால் சீனருக்கும் விற்கலாம், வரம்பு நிரம்பாத வேறு இனத்தாருக்கும் விற்கலாம். மீதி 13 வீடுகள் நம்மவர்களுடையவை, மலாய்க்காரர்களுடையவை. இவர்கள் சீனருக்கு விற்க முடியாது. விற்றால் 88 ஆகிவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சிங்கப்பூர்வாசிகளில் 74.3 விழுக்காட்டினர் சீனர்கள். அதாவது, இந்தப் பதின்மூன்று வீடுகளுக்கும் வாங்குபவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வாசலிலேயே கழிந்துபோகிறார்கள். மேல்மாடியும் கீழ்மாடியும் ஒரே அளவு, ஒரே வயது, ஒரே எம்ஆர்டி தூரம். ஆனால் விலை ஒன்றாக இருக்காது.

மக்கள் சந்திப்பில் என் மேசைக்கு வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு உண்டு. அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாலறை வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுப் பக்கத்தில் ஈரறை ஃபிளெக்சி எனும் சிறிய வீவக வீட்டுக்குப் போய்விடலாம் என்று திட்டம். ஒரு கோப்பு நிறையத் தாள் கொண்டுவந்திருந்தார்கள். முகவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் வீடு பார்க்க வந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். முக்கால்வாசிப் பெயர்களுக்கு எதிரே பென்சிலில் ஒரு கோடு. “இதெல்லாம் என்ன ஐயா?” என்று கேட்டேன். “இவங்க எல்லாம் வீடு புடிச்சிருக்குன்னு சொன்னவங்க. நமக்குத்தான் கொடுக்க முடியாது” என்றார். இணையத்தில் புளோக் எண்ணைத் தட்டினால் எந்த இனத்தார் வாங்கலாம் என்று வீவக காட்டுகிறது. மாதத்தின் முதல் நாளில் அது புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் மகளை விட்டுப் பார்க்கச் சொல்லிக் காத்திருந்திருக்கிறார்கள். கடைசியில் ஓர் இந்தியக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். அதே புளோக்கில் அதே சமயம் விற்ற சீனப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததைவிடக் குறைவான விலைதான். அந்த வித்தியாசம் அவர்களின் முதுமைக்கால மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம்.

வாங்கிய குடும்பத்தையும் குறை சொல்ல முடியாது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தச் சிக்கல் அரசாங்கத்துக்குத் தெரியாதது அல்ல. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இது விவாதிக்கப்பட்டது. 2022 மார்ச்சில், நீண்ட காலம் வீட்டை வைத்திருந்து, உண்மையாகவே முயன்றும் விற்க முடியாமல் போனவர்களிடமிருந்து வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கடைசிப் புகலிடம். விற்கவே முடியாதவர்களுக்குத்தான் அது உதவும். விற்க முடிந்தும் குறைத்து விற்க வேண்டியிருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. என் மேசைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகை.

சரி, என்ன செய்யலாம்? வரம்பு இல்லாவிட்டால் அந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்று ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக் கணக்கிடட்டும். பத்தாண்டுக்கு மேல் அங்கே குடியிருந்தவர், வரம்பு நிரம்பிய புளோக், குறிப்பிட்ட மாதங்கள் விளம்பரம் செய்தும் அந்த விலை வரவில்லை. இந்த மூன்றும் உறுதியானால் வீவக அந்த முழு விலைக்கு வீட்டை வாங்கிக்கொள்ளட்டும். வாங்கிய வீட்டை என்ன செய்வது என்று வீவகவுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. எஞ்சிய வீடுகளின் விற்பனையில் திரும்பப் பெற்ற வீடுகளையும் சேர்த்துத்தான் அது விற்கிறது. அதே வழியில் வரம்புக்கு உட்பட்ட ஒரு மலாய்க் குடும்பத்துக்கோ இந்தியக் குடும்பத்துக்கோ சலுகை விலையில் கொடுக்கலாம். புளோக்கின் கலப்பு அப்படியே இருக்கும். வாங்கும் இளம் குடும்பத்துக்கும் மலிவாகக் கிடைக்கும். இடையில் வரும் செலவு பொதுப் பணத்திலிருந்து போகும். நாடு முழுவதும் அனுபவிக்கும் நன்மைக்கு நாடு முழுவதும் பணம் போடுவதுதானே முறை?

இதற்கு வரும் மறுப்பை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். “அவர்கள் வாங்கும்போதும் குறைந்த விலைக்குத்தானே வாங்கியிருப்பார்கள்? லாபமும் நட்டமும் சரியாகிவிட்டது” என்பார்கள். மறுவிற்பனைச் சந்தையில், வரம்பு நிரம்பிய பிறகு வாங்கியவர்களுக்கு இது ஓரளவு பொருந்தும். மதிப்பீட்டில் அதைக் கழித்துக்கொள்ளட்டும், நியாயம்தான். ஆனால் வீவகவிடமிருந்தே புதிதாக வாங்கியவர் எல்லா இனத்தாரும் கொடுத்த அதே விலையைத்தான் கொடுத்தார். 1989க்கு முன்பே வாங்கியவருக்கு அப்படி ஒரு கொள்கை வரும் என்றே தெரியாது. மறுவிற்பனையில் வாங்கியிருந்தாலும், அவர் வாங்கிய ஆண்டில் வரம்பு நிரம்பாமல் இருந்து, அவர் விற்கப்போகும் ஆண்டில் நிரம்பியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் யாருக்கு விற்றார்கள் என்பது அவர் கையில் இல்லை. குறைந்த விலையில் வாங்கினார் என்ற பொதுக் கணக்கை இவர்கள் தலையில் எல்லாம் ஏற்றக்கூடாது.

வீடு என்பது இங்கே வெறும் கூரை மட்டுமல்லவே. 1968இலிருந்து மத்திய சேமநிதிப் (மசேநிதி) பணத்தைக் கொண்டு வீடு வாங்க அனுமதித்து, வீட்டை நமது ஓய்வுக்காலச் சேமிப்பாகவும் ஆக்கியது அரசாங்கமே. மசேநிதி முழுவதையும் சுவரில் போட்டுவிட்ட ஒரு பேருந்து ஓட்டுநருக்கு விற்பனை விலைதான் ஓய்வூதியம்.

வாங்குபவர் பக்கமும் ஒரு வார்த்தை. பெற்றோர் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. சேர்ந்தே வாழ்ந்தால் 30,000. ஆனால் தாய் வீடு இருக்கும் வட்டாரத்தில் இந்தியருக்கும் மற்றவர்களுக்குமான 12 விழுக்காடு நிரம்பியிருந்தால், அந்தப் பிரிவைச் சேர்ந்த யாராவது விற்றால்தான் அந்த மகளுக்கு அங்கே வீடு. அம்மா அருகில் இரு என்று ஒரு கொள்கை சொல்கிறது, இங்கே வராதே என்று இன்னொரு கொள்கை சொல்கிறது. முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வருபவர்களுக்காவது இந்த வரம்பில் சிறு தளர்வு தரலாம். ஓரிரு வீட்டால் எந்தப் பேட்டையும் ஓரினப் பேட்டையாகிவிடாது.

வாடகைச் சந்தையில் கதையே வேறு. அங்கே இனத்தைக் காட்டி வீடு கொடுக்க மறுப்பவரைத் தடுக்கும் சட்டம் இல்லை. என் தங்கை மகன் கல்யாணமாகித் தற்காலிகமாக ஒரு வீடு தேடியபோது, தொலைபேசியில் பெயரைச் சொன்னதுமே “வீட்டுக்காரர் இந்தியர் வேண்டாம் என்கிறார், சமையல் வாடை” என்று ஒரு முகவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். இங்கேயே பிறந்து, தேசிய சேவை முடித்த பிள்ளை அவன். வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இனத்தைக் காட்டி வேலை மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் அது. இனத்தைக் காட்டி வீடு மறுப்பதற்கு எதிராகவும் அதேபோல ஒரு சட்டம் வர வேண்டும். யாருக்கு விற்கலாம் என்று சொந்த வீட்டுக்காரரிடம் இனக் கணக்குக் கேட்கும் நாடு, யாருக்கு வாடகைக்கு விடமாட்டேன் என்பவரிடமும் கேள்வி கேட்க வேண்டும் அல்லவா?

வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி, ஒவ்வோர் அமைச்சின் செலவும் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வரும். தேசிய வளர்ச்சி அமைச்சின் முறை வரும்போது நம் உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, சில எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். வரம்பு நிரம்பிய புளோக்குகளில் கடந்த ஐந்தாண்டில் வீடு விற்ற சிறுபான்மைக் குடும்பங்கள் எத்தனை? அதே புளோக்கில் விற்ற மற்றவர்களோடு ஒப்பிட்டால் விலை வித்தியாசம் எவ்வளவு? விற்க எத்தனை மாதம் கூடுதலாக ஆனது? மறுவிற்பனைப் பதிவுகள் எல்லாம் வீவகவிடம்தான் இருக்கின்றன, எடுத்துக் கொடுப்பது கடினமாக இருக்காது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கோ உங்கள் அக்கம்பக்கத்தாருக்கோ இப்படி நடந்திருந்தால், உங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்புக்குப் போங்கள். மனு எழுத என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். போகும்போது மதிப்பீட்டுத் தாள், விளம்பரம் போட்ட தேதி, வந்த விலைகள், அதே புளோக்கில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த விலைகள் வீவக இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன் ரிங் ரோடு