கல்லும் வேண்டாம், குதிரையும் வேண்டாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். நேற்று நீ போன் பண்ணியபோது சாயப்பட்டறையில் ஷிப்ட் மாறும் நேரம், சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. ஆனால் நோம்பிக்கு வரும்போது ஒரு மூட்டை பவளக்கல்லும் பாட்டிலில் ரெண்டு கடல்குதிரையும் கொண்டுவருவதாக நீ சொன்னது மட்டும் தெளிவாக விழுந்துவிட்டது. போனில் மறுத்தால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கொண்டுவராதே.

ஆமாம், கடல்மீன் தொட்டிதான் வைத்திருக்கிறேன். மீசைக்காரர் இதற்குள் ஊரெல்லாம் நாயம் பேசியிருப்பாரே. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 200 லிட்டருக்குக் கிட்டத் தண்ணீர் பிடிக்கிறது.

இத்தனை வருடமாக என் பிழைப்பே தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பதுதான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நாமெல்லாம் டீக்கடையே கதியென்று கிடந்தோமே, அதற்கப்புறம்தானே ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பது கறாராகி, உப்பை வடிகட்டும் ஆர்.ஓ.வும் மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் ஒழுங்காக வந்து, எனக்கும் வேலை கிடைத்தது. அடர்நிறம் ஏற்ற லிட்டருக்கு 60, 80 கிராம் உப்புப் போடுகிறார்கள். கடலில் இருப்பதே 35 கிராம்தான். கறுப்பு பனியன் துணி ஓடும் மெஷினுக்குள் உன் தூத்துக்குடிக் கடலைவிட ரெண்டு மடங்கு உப்பு! பகலெல்லாம் அதைப் பிரித்துவிட்டு, பொழுதோட வீட்டுக்கு வந்து ஆர்.ஓ. தண்ணியில் உப்பைக் கொட்டிக் கலக்குகிறேன். "உங்களுக்கு முத்திப்போச்சுங்க" என்கிறாள் உன் தங்கச்சி.

குடோனில்தான் சாயத்துக்குப் போடும் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, ஏழு கிலோ அள்ளிக்கொண்டு போ என்றார் முதலாளி. அது ஆகாது. கடல் தண்ணியில் வெறும் சோடியம் மட்டுமா இருக்கிறது? லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவுக்கு மெக்னீசியம், 400 சொச்சம் கால்சியம், இன்னும் என்னென்னவோ சேர்ந்தது. அதற்கென்றே கலந்த உப்பைத்தான் வாங்கினேன், விலையை மட்டும் கேட்காதே. கேனில் கடல் தண்ணியே கொண்டுவருகிறேன் என்றும் சொன்னாய் போல. துறைமுகத்துப் பக்கம் மொண்ட தண்ணியில் டீசல் இருக்கும், நீயே குளித்துக்கொள்.

உப்பு அளவு பார்க்க ஒரு குழல் வைத்திருக்கிறேன். கண்ணாடி மேல் ஒரு துளி விட்டு, மூடியைச் சாத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணால் பார்க்க வேண்டும். மேலே நீலம், கீழே வெள்ளை. ரெண்டும் சேருகிற கோடு 35 கிராமில் நிற்க வேண்டும். பட்டறையில் உப்பு மீட்டர் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டினால் கைகால் நடுங்கிப் பழகியவன் நான். வீட்டில் 35,000 வந்துவிட்டதா என்று ஒற்றைக்கண்ணால் பார்த்துச் சந்தோஷப்படுகிறேன்.

இன்னும் மீன் விடவில்லை. வருகிற ஒறம்பரை எல்லாம் குனிந்து குனிந்து தேடிவிட்டு "மீன் எங்க?" என்கிறார்கள். முதலில் பாக்டீரியா வளர வேண்டும், நம் பட்டறை பயாலஜிக்கல் தொட்டியில் வளர்க்கிறோமே, அதேதான். கொஞ்சம் அம்மோனியா விட்டால் ஒரு கூட்டம் அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைத் தின்று நைட்ரேட் ஆக்கும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதைத் தண்ணி மாற்றிச் சமாளிக்கலாம். இதற்கே நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். இப்போது அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட்தான் இறங்க மாட்டேன் என்கிறது.

வெயிலும் ஒரு வெசனம். தண்ணி 31 டிகிரிக்குப் போய்விட்டது, 26, 27-தான் நல்லது. மேலே ஒரு சின்ன ஃபேனை மாட்டினேன். ரெண்டு மூன்று டிகிரி மடமடவென்று இறங்கியது. நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று, தண்ணி வேகமாக ஆவியாகும், அதில்தான் குளிர்ச்சி. உன் ஊர்ப் புழுக்கத்தில் இது பாதிகூட வேலை செய்யாது. ஆவியாகிற அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணிதான் ஊற்ற வேண்டும். தண்ணிதானே போகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கும்.

நுரை பிரிக்கும் ஸ்கிம்மர் என்று ஒரு சாதனமும் உண்டு. மழைக்கு மறுநாள் நொய்யல் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே பொங்குமே, அந்த மாதிரி நுரையை மேலே தள்ளி அழுக்கை ஒரு கிண்ணத்தில் சேர்க்கும். நல்ல தண்ணியில் இது எடுபடாது, உப்புத் தண்ணியில்தான் குமிழி பொடிப்பொடியாக நிற்கும்.

நொய்யல் என்றதும் ஐயன் ஞாபகம் வருகிறது. சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நம் கிணறு என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளாகத் தொட்டிப் பக்கமே வராதவர், போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது சுத்த உப்பு. நம்ம கெணத்துல வந்தது இப்பிடி இல்ல, அதுல ஒரு நெடி இருந்துச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல உசுரு நிக்குமா?" என்று கேட்டார். நிற்கும் என்றேன். தினமும் காலையில் வந்து நைட்ரைட் எவ்வளவு என்கிறார் இப்போது. அந்த வார்த்தை வாயில் வராமல், சோதனையில் தெரியும் நிறத்தை வைத்து "அந்த செவப்புக் கலரு" என்பார்.

அதனால்தான் மாப்பிள்ளை, அந்த மூட்டை வேண்டாம். பவளமும் கடல்குதிரையும் 1972-ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் 2001-லேயே சேர்ந்தாகிவிட்டது. புலிக்கு உள்ள அதே அட்டவணை. செக்போஸ்ட்டில் பிடித்தால் உன்னை ஜாமீனில் எடுக்க என்னால் ஆகாது. சட்டத்தை விடு. மன்னார் வளைகுடாவில் 21 தீவு இருந்ததில் ரெண்டு கடலுக்குள் போய்விட்டது, சுண்ணாம்புக்கென்று சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு ஆறு போனதைப் பார்த்தவர் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு அந்தக் கல்லைக் கொண்டுவந்து நான் எந்த முகத்தோடு வைப்பேன்? சுட்ட செராமிக் கல் போட்டிருக்கிறேன், பாக்டீரியாவுக்கு அது போதும்.

உனக்கு வேறு வேலை தருகிறேன். முதலில் கோமாளி மீன் ஒரு ஜோடிதான் விடப்போகிறேன், தாங்குகிற மீன். கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணைக் குஞ்சுதான் வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தொட்டியிலேயே பொரிக்க வைக்கும் வழி கண்டுபிடித்து எவ்வளவோ காலமாகிறது. மண்டபம் பக்கம் போனால் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துச் சொல். அவை எல்லாம் ஆணாகத்தான் பிறக்குமாம். பெரியது பெண்ணாகிவிடும், அது செத்தால் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். சோடாபுட்டியிடம் சொன்னேன், "எங்க வீட்ல பரவால்லை" என்றான்.

நோம்பிக்கு வரும்போது மக்ரூன் ரெண்டு டப்பா, அம்மாவுக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுவா. கருவாட்டைத் தொட்டி இருக்கும் அறைக்குள் மட்டும் எடுத்து வராதே, ஐயன் திட்டுவார். பாப்பாவின் கவுன்சிலிங் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
உன் மச்சான்