வடை தட்டும் கை

மொன்றியல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் போடாதது என் பிழைதான், கோபிக்காதீர்கள். நான் சுகம். நேற்று இங்கே மைனஸ் 20. நனைந்த தலையோடு வெளியே போனால் முடி குச்சியாக விறைத்துவிடும். சனி, ஞாயிறும் ஆய்வுகூடத்துக்கே போய்விடுகிறேன். அங்கே கணகணப்பாக இருக்கிறது, அறையில் ஹீட்டர் செலவும் மிச்சம்.

"அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் பிள்ளை" என்று கேட்டிருந்தீர்கள். சாயமே இல்லாத நிறப்பூச்சு, அம்மா. மயிலிறகில் நீலச் சாயம் கிடையாது. உள்ளே இருப்பது கறுத்த பொருள்தான், அது அடுக்கப்பட்ட விதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நீலமும் பச்சையும் தெரிகின்றன. நாங்களும் ஒரு மில்லிமீற்றரை 4000 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு வருமே, அந்த அளவு சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) மணிகளைக் கண்ணாடியில் அடுக்குகிறோம். சாயம் இல்லாததால் வெயிலில் வெளுக்காது. ஆனால் இடுக்கில் எண்ணெய் புகுந்தால் நிறம் கெட்டுவிடும். அதற்காகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல் ஒன்றைச் சேர்க்கிறோம். மீன் செதிலின் சொரசொரப்பில் தண்ணீர் தங்குவதால்தான் கடலுக்குள் எண்ணெய் ஒட்டுவதில்லை என்று 2009இல் சீன விஞ்ஞானிகள் எழுதினார்கள். வடை தட்டமுன் நீங்கள் கையை நனைப்பீர்களே, அதே கதைதான்.

போன வியாழன் பூச்சுப் போட்ட கண்ணாடித் தகட்டைத் தண்ணீருக்குள் கவிழ்த்துத் தொங்கவிட்டேன். எண்ணெய் மிதக்குமல்லவா, அதனால் வளைந்த ஊசியால் கீழிருந்து ஒரு சொட்டு விட்டேன். பச்சைத் தகட்டின் கீழே அது பரவாமல் முத்தாக நின்றது. கொஞ்சம் சரித்ததும் உருண்டு ஓடிவிட்டது. ஒரு கறை இல்லை, பச்சை அப்படியே இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நீங்கள் தந்துவிட்ட நல்லெண்ணெயில் மிஞ்சியதுதான் அந்தச் சொட்டு. மூடியைத் திறந்ததும் நம் வெள்ளவத்தைக் குசினி வாசம். மாலை ரயில் போகும்போது தட்டுகள் அதிருமே, அந்தச் சத்தமும் கேட்டது போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

சரி, தங்கச்சியின் கல்யாணக் காரியம். பெரிய மாமா சொல்லும் இடம் நல்ல இடம்தான். அதற்காக வீட்டு உறுதியை ஈடு வைக்க வேண்டாம். இந்த மாதம் பணம் பிந்தும், பிறகு சேர்த்து அனுப்புகிறேன். அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று தனியாகக் கேட்டீர்களா? எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் கண் ஒப்பரேஷன் திகதியையும் மறக்காமல் எழுதுங்கள். அன்றைக்கு அவரைத் தனியே பஸ்ஸில் விடவேண்டாம், தம்பி கூடப் போகட்டும்.

அன்பு மகள்