அட்டைகளை மரத்தில் கட்டாதீர்கள்: குடும்ப நடை ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் நீங்கள் நடத்திய வண்ணத்துப்பூச்சிப் புதையல் வேட்டைக்கு என் பேத்தியை அழைத்து வந்திருந்தேன். தமிழ்க் குடும்பங்களைக் காட்டுப் பூங்காவுக்குள் கூட்டிவர இத்தனை பேர் மெனக்கெட்டதே எனக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவோடுதான் மனத்தை உறுத்துவதையும் எழுதுகிறேன்.

காலை ஏழரை மணிக்கே நடை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் கையில் வரைபடம். மரங்களிலும் புதர்களிலும் பிளாஸ்டிக் கயிற்றில் கட்டிய பத்து அட்டைகள். எல்லாவற்றையும் முதலில் சேர்க்கும் குழுவுக்குப் பரிசு. பரிசு என்றால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள், அவர்கள்மீது குறையில்லை. ஆறாம் எண் அட்டை ஒரு கொடிக்குள் செருகப்பட்டிருந்தது. அதை எட்டிப் பிடிக்க ஒரு பையன் கொடியை இழுத்தான். பாதிக் கொடி அறுந்து கீழே விழுந்தது. அட்டை கிடைத்ததும் எல்லோரும் ஏழாம் எண்ணைத் தேடிப் போய்விட்டார்கள்.

என் பேத்தி மட்டும் குனிந்து நின்றாள். “பாட்டி, இங்கே பாருங்கள்” என்றாள். நடைபாதையில் ஒரு புழு. கருஞ்சிவப்பு உடல், முதுகெங்கும் மெத்தென்ற முள்போன்ற முனைகள், இடுப்பில் சுற்றிக் கட்டியதுபோல் ஒரு வெள்ளைப் பட்டை. இலையோடு சேர்த்துத் தூக்கி, அறுபடாத கொடியில் விட்டோம். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு மெல்ல ஏறத் தொடங்கியது.

அது ரோசா அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. 2015ஆம் ஆண்டில் இயற்கைச் சங்கம் நடத்திய பொது வாக்கெடுப்பில் சிங்கப்பூரின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வானது அந்த இனம்தான். வண்ணத்துப்பூச்சியைத் தேட வந்த பிள்ளைகள் அதன் குழந்தையைத் தாண்டி ஓடினார்கள். தேடச் சொன்னது அட்டையை அல்லவா?

அந்தக் கொடி நம் பெருமருந்துக் கொடியின் இனத்தைச் சேர்ந்தது. ரோசா அழகியின் புழுவுக்கு இந்த இனக் கொடிகளின் இலையைத் தவிர வேறெதுவும் ஆகாது. இலையிலுள்ள நஞ்சைத் தின்று தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது; வளர்ந்து சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு அதைக் காக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கிட்டே வராது. இதைத் தெரிந்துவைத்திருப்பதுபோல, கறிவேப்பிலை அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் பூச்சிகளில் சில, நஞ்சே இல்லாமல் ரோசா அழகியின் வேடத்தில் பறக்கின்றன. சிறகு ஏமாற்றும், உடல் ஏமாற்றாது: ரோசா அழகிக்கு உடல் சிவப்பு, வேடக்காரிக்குக் கறுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல புதிர் ஒன்றை நாம் எழுதிவிட முடியுமா?

அதனால் கேட்கிறேன், அடுத்த நடையில் எதையும் ஒளித்து வைக்காதீர்கள். பிள்ளைகள் கையில் கேள்விகளை மட்டும் கொடுங்கள். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அந்த எருக்கின் இலையை ஒடிக்காமல் அடியில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அங்கேதான் ஒற்றை ஒற்றையாக முட்டை இடும். புழு இருந்தால் அதன் கறுப்புக் கொம்புகளை எண்ணட்டும். மூன்று இணை இருக்கும். முதலில் முடித்தவருக்குப் பரிசு என்பதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் நான்கே கேள்விக்கு விடை கண்டாலும் போதும்.

நேரத்தையும் மாற்ற வேண்டும். வெயிலுக்கு அஞ்சி ஏழரைக்குத் தொடங்கினோம், ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு வெயில்தான் உயிர். உடல் சூடேறினால்தான் அதனால் பறக்க முடியும். ஒன்பதரைக்குத் தொடங்கினால் தொப்பியும் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

1854ஆம் ஆண்டில் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் இங்கே புக்கிட் தீமா மலைப் பகுதியில் தங்கி, ஏறத்தாழ இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேர்த்தார். அவருக்குப் புதையலாக இருந்தவை வெட்டிச் சாய்த்த மரங்களும் அவற்றின் பட்டைகளும்தான். அந்த மலையடிவாரத்து டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவுக்கோ, புலாவ் உபின் தீவிலுள்ள வண்ணத்துப்பூச்சிக் குன்றுக்கோ செப்டம்பர் விடுமுறையில் போகலாமே. கேள்விகளைத் தமிழில் எழுதித் தருகிறேன், நானே உடன் வருகிறேன்.

எங்கள் புளோக்கின் கீழே உள்ள எருக்கில் இன்று காலை மூன்று முட்டைகளைப் பார்த்தேன். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். உங்கள் குழுவில் யாருக்காவது பார்க்க விருப்பமிருந்தால் அதற்குள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் நடைக்கு வந்த ஒரு பாட்டி