விதி இருக்கிறது, விலகத்தான் ஆளில்லை

ஆசிரியருக்கு,

எம்.எல்.ஏ. யாராவது கட்சி மாறினால் போதும், மறுநாளே 'சட்டத்தில் ஓட்டை, உடனே அடைக்க வேண்டும்' என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் 1985-இலிருந்து அடைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

1967-இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். இந்த மாதிரிக் கூத்தைத் தடுக்கத்தான் 1985-இல் 52-வது திருத்தம் வந்தது, கட்சி தாவினால் பதவி போகும் என்கிற பத்தாவது அட்டவணை அரசியலமைப்பில் சேர்ந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் அது 'பிளவு', தப்பில்லை என்று எழுதிவைத்தார்கள். சரி, நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா, தனியாகத் தாவுவதை விட்டுக் கும்பலாகத் தாவப் பழகிக்கொண்டார்கள். 2003-இல் அந்த விதியை எடுத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியோடு இணைந்தால் மட்டும் விலக்கு என்றார்கள். 2019 ஜூலையில் கோவாவில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் 15 பேரில் 10 பேர் பாஜகவுக்குப் போனார்கள். கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! தாவ எத்தனை பேர் வேண்டும் என்று சட்டமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இங்கே தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2017 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பில் சொந்தக் கட்சி அரசுக்கு எதிராகவே ஓட்டுப் போட்ட 11 எம்.எல்.ஏ.க்கள் பதவியில் நீடித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், முதல்வர் மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேருக்குப் பதவி போனது. அதே சட்டம், அதே சபாநாயகர். (பிற்பாடு உயர் நீதிமன்றம் அந்தத் தகுதிநீக்கத்தைச் சரி என்றது, அது வேறு விஷயம்.)

தாவலை விசாரித்து முடிவு சொல்லும் சபாநாயகரே ஒரு கட்சிக்காரர் என்பதைத்தான் நாம் பேசவே மாட்டேன் என்கிறோம். இங்கிலாந்தில் சபாநாயகர் ஆனவர் கட்சியை விட்டு விலகிவிடுவார், அப்படிச் செய்யச் சொல்லி அங்கே சட்டம் எதுவும் இல்லை, வெறும் வழக்கம்தான். நம் பத்தாவது அட்டவணையிலோ, சபாநாயகர் கட்சியை விட்டு விலகினால் பதவி போகாது என்று 5-வது பத்தியில் எழுதியே வைத்திருக்கிறார்கள். வழியைப் போட்டாயிற்று, நடக்கத்தான் ஆளைக் காணோம். கயா லால் தாவிய அதே 1967-இல் மக்களவை சபாநாயகரான நீலம் சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகினார். அப்போது இந்தப் பத்தியே கிடையாது.

அடுத்து எந்தச் சட்டமன்றத்தில் சபாநாயகர் தேர்வானாலும், 'கட்சியை விட்டு எப்போது விலகுகிறீர்கள்?' என்று உங்கள் நிருபரை முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். பதிலை அப்படியே முதல் பக்கத்தில் போடுங்கள்.

ஒரு வாசகர்