ஐந்து குழந்தைகளோடு தொடங்கிய மலைப்பள்ளி

ஐயா,

மலைக்கிராமங்களில் மாணவர் இல்லை என்று பள்ளிகளை மூடும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இமாசலப் பிரதேசத்துப் பரூ சாகிப் நினைவுக்கு வருகிறது. சிர்மௌர் மாவட்டத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு அது. ஆன்மிகமும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வளர வேண்டும் என்பது சீக்கிய ஞானி சந்த் அத்தர் சிங்கின் கனவு. ஹார்வர்டில் படித்த அவருடைய சீடர் சந்த் தேஜா சிங் அதைச் சுமந்தார். பள்ளியாக்கியவர் பாபா இக்பால் சிங். மாநில வேளாண் துறை இயக்குநராக இருந்தவர். 1986இல் அகால் அகாதெமி தொடங்கியபோது மாணவர்கள் ஐந்தே பேர்! ஐந்து பேர் போதாது என்று அன்று அவர் கதவைச் சாத்தியிருந்தால்? இன்று வட இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட அகால் பள்ளிகள் இருக்கின்றன. பரூ சாகிப்பிலேயே 2008இல் ஒரு பல்கலைக்கழகமும் எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே லங்கரில் (எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் சீக்கியர் சமுதாயச் சமையலறையில்) தரையில் அமர்ந்து சாப்பிட்டேன். எனக்கு எதிரே, தலைப்பாகை கட்டிய சின்னஞ்சிறுவன் ஒருவன் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திச் சுடச்சுட ரொட்டியை வாங்கினான். சூடு தாளாமல் கை மாற்றினானே தவிர, கீழே விடவில்லை.

இக்பால் சிங் 2022 ஜனவரியில் மறைந்தார். அதே மாதம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அவரைப் பற்றி ஞாயிறு இதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்