காந்தா என்று சொல்லி மிஷின் தையலை விற்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்காட்சி ஒன்றில் காந்தா போர்வை என்று சொன்னதை நம்பி வாங்கினேன். வீட்டில் திருப்பிப் பார்த்தால் முழுக்க மிஷின் தையல், மனசே ஆறவில்லை. வங்காளத்துக் கிராமத்துப் பெண்கள் நைந்துபோன பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே கையால் ரன்னிங் ஸ்டிச் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் நேர்த் தையல்) போட்டு உருவாக்கியது காந்தா. நடுவில் தாமரை, சுற்றிலும் இலை, மீன் என்று வரும், தையல் நெருக்கமாக விழுவதால் துணி மெல்லிய அலைபோலச் சுருங்கி நிற்கும், அந்தச் சுருக்கம்தான் அதன் அழகே. ஒன்றை முடிக்கவே மாதக்கணக்காகும். இப்படி உருவங்கள் தைத்த மேற்கு வங்கத்தின் நக்‌ஷி காந்தாவுக்கு 2008லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. சரி, மலிவாக மிஷினில் தைத்து விற்கட்டும், ஆனால் அதை லேபிளில் எழுதட்டும். கண்காட்சிக்கு அனுமதி தருபவர்களாவது இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை