கிளட்ச் மோட்டார்களை எடைக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார்களுக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள், கட்டுவது என் தொழில். தையல் கூடங்கள் சர்வோ மோட்டாருக்கு மாறும்போது, கழற்றிய பழைய கிளட்ச் மோட்டார்களை ஓட்டிக்கூடப் பார்க்காமல் பழைய இரும்பாக எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

மாறுவது சரிதான். கிளட்ச் மோட்டார் சுவிட்சைப் போட்டது முதல் சுற்றிக்கொண்டே இருக்கும்; மிதித்தால்தான் கிளட்ச் தட்டு அந்தச் சுழற்சியைத் தையல் இயந்திரத்துக்குக் கொடுக்கும். தைப்பவர் நூலை வெட்டும்போதும் துணியைத் திருப்பும்போதும் மின்சாரம் செலவாகும், இரைச்சலும் ஓயாது. சர்வோ மிதித்தால்தான் ஓடும். ஆனால் தையலுக்கு வேண்டாம் என்றான மோட்டார் வேறு எதற்குமே ஆகாது என்று முடிவு கட்டுவது அநியாயம். பெரும்பாலும் அரைக் குதிரைத்திறன் கொண்ட உறுதியான மோட்டார் அது. கெட்டுப்போக மின்னணுப் பலகை எதுவும் உள்ளே இல்லை.

ஓடவில்லை என்று தள்ளிவைத்த பலவற்றில் காயில் நன்றாகவே இருக்கும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைப் பாருங்கள். மிதித்தும் இழுவை இல்லையென்றால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றால், அதைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் அல்லது தொடக்கச் சுவிட்ச் பழுதாகியிருக்கும். உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்; உறுமவிட்டால்தான் காயில் கருகும். இணைப்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும், வெறும் கையால் தொடக் கூடாது.

என் பட்டறையில் காயில் சுற்றும் இயந்திரத்தை ஓட்டுவதே இப்படி வந்த ஒரு மோட்டார்தான். நிமிடத்துக்கு 1440 சுற்று அந்த வேலைக்கு மிக அதிகம். அதனால் மோட்டாரில் 2 அங்குலப் புல்லியும் இயந்திரத்தில் 8 அங்குலப் புல்லியும் மாட்டி 360-ஆகக் குறைத்திருக்கிறேன். மிதியை மெல்ல அழுத்தினால் தட்டு, மோட்டாரோடு சுற்றும் கனச் சக்கரமான ஃபிளைவீலை உரசிக்கொண்டே பிடிக்கும். அச்சு நிதானமாகக் கிளம்பும், மெல்லிய கம்பியும் அறுபடாது. காலை எடுத்தால் தட்டு பின்வாங்கிப் பிரேக்கில் ஒட்டிக்கொள்ளும், வேண்டிய சுற்றில் நிறுத்திவிடலாம். இரண்டு கைகளும் கம்பியைக் கவனிக்கலாம். இந்த வசதிக்காகவே தனியாக ஓர் இயந்திரம் வாங்குகிறவர்கள் உண்டு!

சிறிய மரக் கடைசல், மெருகேற்றும் சக்கரம் போல, காலால் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வேலைகளுக்கும் இது ஏற்றது. சில மோட்டார்கள் 2800 சுற்றுக்கு மேல் ஓடும் என்பதால் முதலில் பெயர்த் தகட்டைப் படித்துவிட்டுப் புல்லியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எர்த் இணைப்பு கட்டாயம். கம்ப்ரசர் போன்ற ஓயாத பாரத்துக்குச் சரிப்படாது. கிளட்ச் வழுக்கிச் சூடேறிவிடும். காப்புத் தகடு இல்லாமல் சாணைக் கல்லை மாட்டுவது உயிரோடு விளையாடுவது.

காயில் உண்மையிலேயே எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்பை எடுக்கவும் நல்ல வழி உண்டு. ஆனால் அதைத் திறந்தவெளியில் போட்டுக் கொளுத்துகிறார்கள். வார்னிஷும் ஒயரின் பிவிசி உறையும் எரியும் அந்தப் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டு. அதைச் சுவாசிப்பவர் கொளுத்துகிறவர் மட்டுமல்லர், பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளும்தான். அதற்குப் பதிலாக, இரும்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காயிலின் ஒரு பக்கத் தலையை உளியால் வெட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து பொறுமையாக இழுத்தால் செம்பு தனியாக வந்துவிடும். நேரம் பிடிக்கும், ஆனால் புகை இல்லை.

தையல் கூடம் நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்களுக்குத் தேவையில்லாத மோட்டார்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கொடுங்கள். பழுதான மோட்டாரும் அங்கே பயன்படும். காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, திரும்பக் கட்டிப் பார்த்தால்தான் மாணவனுக்குக் கை வசப்படும். கொடுக்கும்போது மிதியோடு இணைக்கும் கம்பியையும் சுவிட்சையும் சேர்த்துக் கொடுங்கள். என்ன பழுது என்று ஒரு சீட்டில் எழுதி மோட்டாரிலேயே கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி